காலிக் குடங்களுடன் பொதுமக்கள்

மாலை நான்கு மணி ஏழாம் கூடத்தில் உப்பு நேரம். தாய்மார்கள் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கோர் உப்பு வில்லையை நாக்கின்மேல் வைப்பார்கள். துப்பிவிடும் பிள்ளைக்கு மறு வில்லை உண்டு; முதுகில் ஓர் அடியும் உண்டு. பெரியவர்கள் ஒன்றரை வில்லை போட்டுக்கொள்வார்கள். அந்நேரத்தில் விருந்தினர் எவரேனும் வந்திருந்தால் அவருக்கும் உப்புத் தட்டை நீட்டுவதே மரியாதை. ஐந்து மணிக்குக் குழாய் திறக்கும்; ஒரு மணி நேரமே ஓடும். திறக்கும்போது எல்லாருக்கும் நன்றாகத் தாகமெடுத்திருக்க வேண்டும்.

காலிஸ்டோ வியாழனைச் சுற்றிவரும் பனிக்கோள். காலால் உதைத்த இடமெல்லாம் உறைந்த நீர். ஆயினும் பனியை வெட்டவேண்டும், உருக்கவேண்டும், அதில் கலந்துள்ள நச்சுப் பொருள்களைப் பிரிக்கவேண்டும். இவை அனைத்துக்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே குடியிருப்பை நிறுவியவர்கள், நீர் வழங்குவதற்கு மிக நியாயமானதென்று தாங்கள் கருதிய ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். அங்கே வாழும் ஒவ்வொருவர் தொண்டையிலும், தோலுக்கடியில், அரிசியளவே உள்ள ஒரு கருவி பொருத்தப்பட்டது. அதற்குத் தாகமானி என்று பெயர். அது உடலின் தாகத்தைச் சுழியம் முதல் பத்துவரை அளந்து குழாய்க்குத் தெரிவிக்கும். குழாய் அவ்வெண்ணுக்கேற்ப ஊற்றும். ஒருவர் தாகத்துக்கு மற்றொருவர் சென்று வாங்கிவர இயலாது. தாகமுள்ளவனுக்கு நீர், இல்லாதவனுக்கு இல்லை. பூமியில் அமர்ந்து இதனை எழுதியவர்கள், உப்பு என்று ஒரு பொருள் இருப்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

உப்பு நேரத்தில் ஒதுங்கி நிற்பவன் ஏழாம் கூடத்தில் ஒருவன்தான் இருந்தான். பனியுருக்கு நிலையத்தில் துளைப்பொறி இயக்கும் சோலையப்பன் அவன். அவனுடைய சிறுநீரகத்தில் இருமுறை கல் தோன்றியிருந்தது. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் நீர் பருகவேண்டும், உப்பை அறவே தொடலாகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உப்பைத் தொடாவிட்டால் தாகமானி நான்கைத் தாண்டாது. நான்கு என்றால் குழாய் ஒரு லிட்டர்தான் ஊற்றும். ஒரு லிட்டர் குடித்தால் மறுபடியும் கல் வரும். இதனை மருத்துவரிடம் எடுத்துரைத்தபோது, அவர் தாம் மருத்துவத்துக்குத்தான் பொறுப்பு, குழாய்க்குப் பொறுப்பன்று என்று கூறிவிட்டார்.

மூன்றாம் கல் வளர்ந்துகொண்டிருப்பதைச் சென்ற மாதப் படம் காட்டியது. அந்தப் படத்தைத் தன் அலுவலக மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொண்டு வேலை செய்துவந்தாள் அவன் மனைவி தவமணி.

இதில் எரிச்சலூட்டும் செய்தி யாதெனில், புதிய குழாய் ஒன்று இரண்டாண்டுகளுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது என்பதே. அது தாகமானியைக் கேளாத குழாய். நாள் முழுவதும் எவருக்கும் வேண்டுமளவு ஊற்றும். அதன் வாய் ஒரு முச்சந்தியில் வந்து நின்றது. வலப்பக்கம் திறந்தால் ஏழாம் கூடம். இடப்பக்கம் திறந்தால் முதற்கூடம். திறக்கவேண்டியது நடுவன். நடுவன் என்பது குடியிருப்பை நிருவகிக்கும் எந்திர அறிவு. அது இரண்டாண்டுகளாக எப்பக்கமும் திறக்கவில்லை.

நடுவனைக் குறை சொல்லவும் இயலாது. குடியிருப்பின் பட்டயத்தில் பத்தொன்பதாம் பிரிவு இவ்வாறு கூறுகிறது: "குடிநீர்க் குறைபாட்டில் பொதுமக்களுக்கே முதலிடம் தந்து, அவர்கள் நிறைவுறும் வண்ணம் ஆவன செய்யப்படும்." பொதுமக்கள் என்போர் யாவர் என்று பட்டயம் விளக்கவில்லை. அன்றாடம் வழங்கும் சொல்லுக்கு விளக்கம் எதற்கு என்று விட்டுவிட்டனர் போலும். ஆனால் காலிஸ்டோவில் அச்சொல் வழக்கில் இல்லை. அங்கிருந்தவர்கள் முதற்கூடத்தில் வாழும் மேலதிகாரிகளான பொறுப்பர்களும், ஏழாம் கூடத்தில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளிகளான ஒப்பந்தர்களுமே. இடைப்பட்ட கூடங்களில் பொறிகள் இருந்தன. பொறுப்பர்கள் தங்கள் கூடத்து அலங்கார நீரூற்றுக்கு அக்குழாயைக் கேட்டனர். அவர்கள் சார்பில் வாதாடிய கனகசபாபதி, "நாங்களும் மக்கள்தாமே, எங்கள் நீரூற்றும் பொதுதானே" என்று ஓர் ஆண்டாகச் சொல்லிவந்தார்.

இத்தகைய ஐயம் எழும்போது என்ன செய்யவேண்டுமென்றும் பட்டயம் கூறியிருந்தது. எந்திரம் தன் விருப்பப்படி ஒரு சொல்லுக்குப் பொருள் கொள்ளலாகாது. பட்டயத்தை எழுதியவர்கள் படித்து வளர்ந்த பழைய நாளிதழ்களிலும் வார மாத இதழ்களிலும் அச்சொல் எவ்வாறு ஆளப்பட்டதோ, அதுவே அதன் பொருள். அச்சான்றையும் எந்திரம் தானே தேடலாகாது. மனிதர் தேடித் தரவேண்டும். அதற்கென்றே சொற்சான்றகம் என்னும் அலுவலகம் இருந்தது. பூமியிலிருந்து கொண்டுவந்த முந்நூறு ஆண்டு இதழ்களின் படங்கள் அங்கே சேமிக்கப்பட்டிருந்தன. தவமணி அங்கே சொற்சான்றராகப் பணியாற்றினாள்.

பதினொரு வாரம் அவள் அந்த ஒரே சொல்லைத் தேடினாள்.

மிகப் பழைய இதழ்களில் அச்சொல்லே இல்லை. "மகாஜனங்களுக்கு விக்ஞாபனம்" என்று இருந்தது. சிறிது காலம் கழித்து அவர்கள் பொதுஜனங்கள் ஆயினர், பின்னர்ப் பொதுமக்கள். மகாஜனங்களிடம் இதழ்கள் விண்ணப்பித்துக்கொண்டன. பொதுஜனங்களுக்கு அறிவித்தன. பொதுமக்களை எச்சரித்தன. இந்த இறக்கத்தைக் கண்டு தவமணி வியப்படைந்தாளாயினும், வியக்க நேரமில்லாமையால் குறித்துவைத்துக்கொண்டு மேலே சென்றாள்.

பொதுமக்கள் எப்போதும் ஏதோவொன்றில் இருந்தார்கள். அவதியில் இருந்தார்கள், அச்சத்தில் இருந்தார்கள், எதிர்பார்ப்பில் இருந்தார்கள். விழாச் செய்திகளில் அமைச்சர், அதிகாரிகள், கட்சி நிருவாகிகள் என்று எல்லாரையும் சொல்லி முடித்தபின் கடைசியாக வந்தார்கள். தொடர்கதைகள் வந்த வார இதழ்களில் அவர்கள் அருகியே காணப்பட்டனர். காதலிப்பவர் எவரும் பொதுமக்களாக இருக்கவில்லை. ஒருவருக்கு வீட்டுமனையோ தையல் எந்திரமோ கிடைத்துவிட்டால் அன்றே அவர் பொதுமக்கள் அல்லர், பயனாளி ஆகிவிடுகிறார். வசதியான வீட்டில் இருந்தவரை ஓர் இதழேனும், ஒரு முறையேனும், பொதுமக்கள் என்று சொல்லவில்லை.

கனகசபாபதியின் வாதம் இங்கே வீழ்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. பதினொரு வாரத்தில் அன்றுதான் அவள் மதிய உணவை முழுவதும் உண்டாள்.

அனைத்தினும் மிகுதியாக இருந்தவை தண்ணீர்ச் செய்திகள். அவற்றோடு படமும் இருந்தது. சாலையின் நடுவே பெண்கள் அமர்ந்திருந்தனர். அவர்கள் முன்னே பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் கழுத்துச் சிறுத்து வயிறு பருத்த கலங்கள். கீழே, "காலிக் குடங்களுடன் பொதுமக்கள் சாலை மறியல்." ஆண்டு மாறியது, ஊர் மாறியது, இதழின் பெயர் மாறியது. குடங்கள் மாறவில்லை. இத்தகைய செய்திகள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிடைத்தன.

சொற்சான்றகத்தின் தலைவர் நல்லதம்பி இளகிய மனமுடையவர். அவள் கணவனுடைய நிலை அவருக்குத் தெரியும். அவசர வழக்குகளில் சொல் வரும் தொடரை மட்டும் நறுக்கித் தரலாம் என்று ஒரு சலுகை இருப்பதை அவர் நினைவூட்டினார். "தலைப்பும் முதல் வரியும் போதும்மா. மறியல் பண்ணாங்க, குடம் இருந்துச்சு, அவங்கதான் பொதுமக்கள். அதுக்கு மேல எதுக்குத் தூக்கிச் சுமக்கறே?" என்றார்.

தவமணி அதற்கு இணங்கவில்லை. சான்றகத்தின் பழைய மரபு, செய்தியைத் தலைப்பிலிருந்து கடைசி முற்றுப்புள்ளிவரை தருவதே. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நறுக்கிய தொடரை நம்பி வழங்கப்பட்ட தீர்ப்பொன்றை மேல்முறையீட்டில் தள்ளிவிட்டனர். கனகசபாபதி அத்தகைய ஓட்டைக்காகவே காத்திருப்பவர். "எம் புருசன் வயித்துல கல்லு வளருது சார். இதத் திரும்ப ஒருதரம் நடத்த எனக்கு நேரமில்ல" என்று சொல்லி, நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு செய்திகளையும் ஓர் எழுத்துக் குறையாமல் நடுவனிடம் சேர்ப்பித்தாள்.

தீர்ப்பு நாளுக்கு இரண்டு நாள் முன்பு படங்களுள் ஒன்று ஏழாம் கூடத்தில் எப்படியோ பரவியது. பொதுமக்கள் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டுமாம் என்று பேச்சு எழுந்தது. அண்டை வீட்டுப் பேச்சியம்மாள் ஒரு யோசனை சொன்னாள். ஏட்டில் இருக்கும் சான்றோடு கண்ணால் காணும் சான்றும் இருந்தால் நடுவன் மறுக்க முடியாதன்றோ? உடனே கூடத்தின் வார்ப்புப் பொறியில் குடங்கள் வார்க்கப்பட்டன. வார்த்த பொருள் எதுவாயினும் பயன்படுத்திய மறுநாளே உருக்குத் தொட்டியில் இட்டு நெகிழியைத் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். அந்த ஒப்புதலோடு இருநூற்றுப் பன்னிரண்டு குடங்கள், வீட்டுக்கொன்றாக, மூன்று நிறங்களில் வார்க்கப்பட்டன.

தீர்ப்பு நாளன்று காலை பத்து மணிக்கு ஏழாம் கூடத்தினர் அனைவரும் பெருந்தாழ்வாரத்தில் வந்து அமர்ந்து, பனிப்பாளம் ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டிகளை மறித்தனர். எவருக்கும் அதில் பழக்கமில்லை. படத்தில் சில பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்திருந்தனர். காலிஸ்டோவின் ஈர்ப்பு பூமியினதில் எட்டில் ஒரு பங்கே ஆதலின், குடம் இடுப்பில் நில்லாமல் மெல்ல மெல்ல மிதந்து இறங்கியது.

"இத எப்பிடித்தான் வச்சாளுகளோ. ஏ தவமணி, நீதான் படிச்சவ. இடுப்ப வளைக்கணுமா, குடத்த வளைக்கணுமா?" என்றாள் பேச்சியம்மாள்.

"குடத்துக்குள்ள தண்ணி இருந்தா நிக்கும் மதினி."

"அதுக்குத்தான வந்திருக்கோம்" என்று பேச்சியம்மாள் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர்.

முழக்கங்களையும் செய்திகளிலிருந்தே எடுத்திருந்தனர். "வேண்டும் வேண்டும், குடிநீர் வேண்டும்" என்பதைப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொண்டன. சோலையப்பன் சுவரில் சாய்ந்து, வலப்பக்க விலாவை உள்ளங்கையால் அழுத்தியவாறு அமர்ந்திருந்தான். வலிக்கிறதா என்று தவமணி கேட்டதற்கு, துளைப்பொறி அதிர்வதுபோல் இருக்கிறது, பழகிய அதிர்வுதான் என்றான்.

நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் நடுவன் தவமணியைத் தீர்ப்பறைக்கு அழைத்தது. கனகசபாபதியும் வந்திருந்தார். தீர்ப்பு தாழ்வாரத்திலும் ஒலிபரப்பப்பட்டது.

நடுவன் முதலில் சான்றைப் பாராட்டியது. இத்தனை முழுமையாக ஒரு சொல்லுக்குச் சான்று இதற்குமுன் தனக்கு வந்ததில்லை என்றது. பின்னர், "வரிசையில் காத்திருப்போர், அவதியுறுவோர், காலிக் குடங்களுடன் பாதையில் அமர்வோர் ஆகியோரே பொதுமக்கள் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. நீரூற்று உடையோர் பொதுமக்கள் என்பதற்கு ஒரு சான்றுமில்லை. ஆகவே ஏழாம் கூடத்தினரே பொதுமக்கள். முதற்கூடத்தின் மனு தள்ளப்படுகிறது" என்று அறிவித்தது.

தாழ்வாரத்திலிருந்து எழுந்த ஒலி சுவரைக் கடந்து கேட்டது. கனகசபாபதி தம் சால்வையைச் சரிசெய்துகொண்டு, அவளைப் பாராமலே வெளியேறினார்.

"அப்ப வலப்பக்கம் எப்பத் திறப்பீங்க, நடுவரே?"

"திறக்கவேண்டிய தேவை எழவில்லை" என்றது நடுவன்.

அவள் தான் கேட்டது சரிதானா என்று ஐயுற்று மீண்டும் கேட்டாள். நடுவன் பொறுமையோடு விளக்கியது. பொதுமக்கள் நிறைவுறும் வண்ணம் ஆவன செய்யவேண்டும் என்பதே பட்டயத்தின் கட்டளை. பொதுமக்கள் எதனால் நிறைவுறுவர்? அதற்கும் அவள் தந்த சான்றிலேயே விடை இருந்தது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு செய்திகளுள் மூவாயிரத்து அறுநூற்று எண்பத்தேழு செய்திகளின் கடைசித் தொடர் ஒன்றே. நடுவன் அதனை வாசித்தது: "அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தி, விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் என உறுதியளித்ததைத் தொடர்ந்து, பொதுமக்கள் மறியலைக் கைவிட்டுக் கலைந்து சென்றனர்."

தவமணிக்கு அத்தொடர் மனப்பாடம். பதினொரு வாரமாக ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அதனைக் கண்டு, ஏன்தான் எழுந்து போனார்களோ என்று அவர்கள்மீது சினந்திருக்கிறாள். இருநூறு முந்நூறு ஆண்டுக்கு முந்தைய மனிதர்களை, ஒரு குடம் தண்ணீர் நிரம்பும்வரை உட்காரத் தெரியாதவர்கள் என்று மனத்துக்குள் திட்டியும் இருக்கிறாள். ஆயினும் கடைசி முற்றுப்புள்ளிவரை அவளே கொண்டுவந்து சேர்த்தாள்.

"தண்ணீர் வந்ததாகக் கூறும் செய்திகள் நாற்பத்தொன்றே. அவற்றில் அவர்களைப் பயனாளிகள் என்று குறித்துள்ளனர். ஆகவே பொதுமக்கள் வேண்டுவது உறுதியே, தண்ணீர் அன்று" என்றது நடுவன்.

"அது நிறைவு இல்ல, நடுவரே. அவங்களுக்கு அலுத்துப்போயிருக்கும். வீட்டுல அடுப்பு இருக்கும், பிள்ளைக இருக்கும், வேலைக்குப் போகணும். வேற வழியில்லாம எந்திரிச்சுப் போயிருப்பாங்க."

"அது அச்சிடப்படவில்லை."

அதே பொதுமக்கள் அடுத்த ஆண்டும் வந்து அதே சாலையில் அமர்ந்தார்களே, நிறைவுற்றிருந்தால் மீண்டும் ஏன் வருகிறார்கள் என்று கேட்டாள். நடுவன் அதையும் ஆராய்ந்திருந்தது. பெரும்பாலும் கோடையில், அதே இடத்தில், அதே கலங்களோடு, அதே முழக்கங்களோடு அவர்கள் கூடியிருக்கின்றனர். உறுதியைப் பெற்றுத் திரும்பியிருக்கின்றனர். ஆண்டுதோறும் நிகழும் ஒரு சடங்கு என்று கொள்வதே சான்றுக்குப் பொருத்தமானது என்றது.

தவமணி மேசைமீது இரு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். இழுப்பறையில் இருந்த படம் கண்முன் வந்தது. சட்டத்தில் எங்கோ ஒரு பிடி இருக்கவேண்டும் என்று தேடினாள், கிடைத்தது. நிகழ்காலத்தில் வாழும் ஆள்களின் நடத்தை பழைய சான்றுக்கு மாறாக இருந்தால், நடத்தையே மேலானது என்பது முப்பதாம் பிரிவு.

"உறுதி சொன்னதுக்கு அப்புறமும் எங்க ஆளுக கலையலேன்னா?"

நடுவன் இமைப்பொழுது முப்பதாம் பிரிவைப் புரட்டிப் பார்த்தது. அத்தனை நேரம் அது எடுத்துக்கொண்டதே அரிது. "அவ்வாறாயின் என் முடிவு பிழையாகும். இப்போது மணி நான்கு இருபது. உறுதி அளிக்கிறேன். ஆறு மணிவரை பொதுமக்கள் கலையாதிருப்பின் வலப்பக்கம் திறக்கப்படும், பின்னர் மூடப்படாது" என்றது.

ஐந்து மணிக் குழாய் நேரத்தை அன்றைக்கு மட்டும் ஆறுக்குத் தள்ளிவைக்கும்படி வேண்டினாள். குழாய் நேரத்தைப் பட்டயம் குறித்திருப்பதால் அதனை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்று நடுவன் வருந்தியது. அது வருந்தவும் கற்றிருந்தது. அதற்கும் இதழ்களில் சான்று உண்டு.

அவள் தாழ்வாரத்துக்கு ஓடினாள். ஈர்ப்புக் குறைந்த அக்கோளில் ஓடுவது தாவுவதேயாகும். இருமுறை சுவரில் மோதினாள். எல்லார் நடுவிலும் நின்று, மூச்சு வாங்கியவாறே விளக்கினாள். இன்றைய ஐந்து மணித் தண்ணீர் மட்டும் போகும். ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். அதன்பின் உப்பே வேண்டாம், வரிசையே வேண்டாம்.

"இவ்வளவுதான? உக்காரச் சொன்னா உக்காந்துட்டுப் போறோம். எந்திரிச்சு ஓடுங்கன்னாத்தான் கஷ்டம்" என்றான் தள்ளுவண்டி ஓட்டும் மூக்கையா. அனைவரும் ஒப்பினர். அந்நேரத்தில் நடுவனின் குரல் தாழ்வாரம் முழுவதும் ஒலித்தது: "பொதுமக்களின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் என உறுதியளிக்கப்படுகிறது." ஒருவரும் அசையவில்லை. பேச்சியம்மாள் ஒலிபெருக்கியை நோக்கிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

தவமணி கணவன் அருகே அமர்ந்தாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த பிள்ளையின் உதட்டோரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்த உப்பைப் பார்த்தாள்.

நான்கு மணிக்கு, தீர்ப்பு வந்துகொண்டிருந்த நேரத்தில், தாய்மார்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வில்லைகளை வழக்கப்படி எல்லாருக்கும் கொடுத்திருந்தனர். மகிழ்ச்சியில் சிலர் ஒன்றுக்கு இரண்டாகவும் போட்டுக்கொண்டிருந்தனர். உப்பு நேரத்தில் உப்புக் கொடுப்பதற்கு எவரும் யோசிப்பதில்லை. வெற்றி பெற்ற நாளன்று அதனை நிறுத்தவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஐந்து மணி ஆயிற்று. தொலைவில் குழாய் திறக்கும் ஒலி கேட்டது. பிள்ளைகள் முதலில் முனகின, பின்பு அழுதன. அழுகையில் வாய் மேலும் வறண்டது. ஐந்தேகாலுக்கு ஒருத்தி எழுந்து, கைப்பிள்ளையின் தொண்டையை மட்டும் நனைத்துத் தூக்கிவருவதாகச் சொல்லிப் போனாள். அவள் பின்னே நால்வர் போயினர். பெரியவர்கள் எச்சிலை விழுங்கினர். விழுங்க எச்சிலும் இல்லை. மூக்கையாவின் தாகமானி எச்சரிக்கைச் சிவப்பாகத் தோலினூடே ஒளிர்ந்தது.

"அண்ணே, நீங்களாவது இருங்க. இன்னும் நாப்பது நிமிசம்" என்றாள் தவமணி.

"நா மட்டும் இருந்து என்ன தாயி ஆகப்போகுது? எல்லாரும்தான் இருக்காகளே" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் அவ்வாறே எண்ணிக்கொண்டு எழுந்தனர். அதுதான் சொல்லிவிட்டார்களே, பார்ப்போம் என்று ஒரு குரல் கேட்டது. நாளைக்கும் வேலை இருக்கிறது என்று மற்றொரு குரல் கேட்டது. பேச்சியம்மாள் ஐந்தரைமணிவரை இருந்தாள். பிறகு தவமணியின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஐந்து மணி முப்பத்தைந்துக்குத் தாழ்வாரத்தில் இருவரே எஞ்சியிருந்தனர்.

சோலையப்பன் மெல்லச் சிரித்தான். "எனக்குத்தான் தாகமே இல்லையே, தவம். நா இருந்துருவேன். வெடிய வெடிய இருப்பேன்."

"பொதுமக்கள் கலைந்து சென்றனர்" என்றது நடுவன்.

"கலையல. இந்தா, ஆள் இருக்குல்ல. கண்ணு தெரியலையா?" என்று கேட்டாள் தவமணி.

நடுவன் சான்றை மீண்டும் ஒருமுறை பார்த்தது. "தனியாகவோ இருவராகவோ அமர்ந்திருப்போரை எவ்விதழும் பொதுமக்கள் என்று குறித்ததில்லை. பாதையின் நடுவே தனியே அமர்ந்திருந்தவர்களைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை, அவர்கள் மது அருந்தியிருந்ததாகக் கூறுகின்றன. உங்கள் கணவர்மீது அவ்வாறு ஏதும் நடவடிக்கை எடுக்க நான் விரும்பவில்லை" என்றது.

சோலையப்பன் மறுமொழி கூற வாயெடுத்தான். ஆனால் விலாவில் கல் அசைந்தது. உடல் இரண்டாக மடிந்து, குடத்தின்மேல் சாய்ந்தான். தவமணி அவனைத் தாங்கி எழுப்பினாள். எட்டில் ஒரு பங்கு எடையே எனினும், அன்று அவன் கனத்தான்.

மருத்துவர் ஊசியிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

வலி தணிந்து அவன் கண்ணயர்ந்தபின், ஏழு மணிக்கு அவள் அலுவலகத்துக்கு வந்தாள். குடியிருப்பில் நிகழும் ஒவ்வொன்றையும் அன்றன்றே செய்தியேட்டில் நாற்பது சொல்லுக்குள் எழுதிவைப்பது சொற்சான்றரின் கடமை. பிற்காலத்தவருக்கு அதுவே சான்று. அவள் முதலில் உப்பைப் பற்றி எழுதத் தொடங்கினாள். நான்கு மணி என்றால் என்ன, வில்லை என்றால் என்ன, தாகமானி என்றால் என்ன, தாய்மார்கள் ஏன் அதைக் கொடுத்தார்கள் என்பதை விளக்குவதற்குள் நாற்பது சொல் முடிந்துவிட்டது. மறியல் இன்னும் தொடங்கவே இல்லை. அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். அதுவும் நீண்டது. கணவன் விழித்துவிட்டான் என்று மருத்துவகத்திலிருந்து அழைப்பு வந்தது.

எழுந்து நின்றவாறே விரைவாக எழுதினாள். குடிநீர் கோரிக் காலிக் குடங்களுடன் ஏழாம் கூடப் பொதுமக்கள் மறியலில் ஈடுபட்டனர். விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் என நடுவன் உறுதியளித்ததைத் தொடர்ந்து கலைந்து சென்றனர். எண்ணிப் பார்த்தாள். நாற்பதுக்கு மிகக் குறைவாகவே இருந்தது.

நடுவன் அதனைப் படித்துப் பதிவு செய்துகொண்டது. "மூவாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு" என்றது. பின்னர் மிகுந்த பணிவோடு, "அடுத்த ஆண்டு எந்நாளில் கூடுவீர்கள் என்பதை முன்னதாகத் தெரிவித்தால், உறுதியை ஆயத்தமாக வைத்திருப்பேன்" என்றும் கூறியது.

மறுநாள் நண்பகலுக்குள் குடங்கள் உருக்குத் தொட்டிக்கு வந்திருக்கவேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட வரவில்லை. சான்றுக்காக வார்த்தவை என்பதால் காரணம் கேட்டெழுதும் வேலை சான்றகத்துக்கு வந்தது; நல்லதம்பி தவமணியையே அனுப்பினார். பேச்சியம்மாள் தன் சிவப்புக் குடத்தை நன்கு துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கெடக்கட்டும் தவமணி" என்றாள், உப்புத் தட்டை அவள்பக்கம் நீட்டியபடியே. "வருசா வருசம் புதுசா எவ செய்வா?"

தவமணி ஒரு வில்லையை எடுத்து வாயிலிட்டுக்கொண்டாள். மணி நான்கு ஆகியிருந்தது.